கூப்பிட்டுப் பழகாதவள்

அவள் யாரையும் கூப்பிட மாட்டாள். இரண்டு வருஷத்துக்கு மேல் அவளுக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்தேன். ஒரு நாள்கூட அவள் வாயிலிருந்து "வா" என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. தெருவில் மீன்காரி போனால் நாங்களெல்லாம் வாசலுக்கு ஓடிவந்து கத்துவோம். அவள் தன்பாட்டுக்குச் சாக்குத் தைத்துக்கொண்டிருப்பாள். மீன்காரி தானாக அவள் வாசலில் கூடையை இறக்கி, வெற்றிலை போட்டு, ஊர்க்கதையெல்லாம் பேசி முடித்து, இருக்கிற சாளையில் நல்லதாகப் பார்த்து எடுத்து வைத்துவிட்டுப் போவாள். தொண்டை கிழியக் கூப்பிட்ட எனக்கு வயிறு வெடித்த மீன்தான் வரும்.

இதை நான் நல்லெண்ணத்தோடு சொல்வதாக நினைக்க வேண்டாம். எனக்கு எண்பது வயதாகப் போகிறது, இனிமேல் பொய் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. அவளைப் பார்த்து எனக்கு அப்படி ஒரு பொறாமை. வயிற்றெரிச்சல் என்பது நிஜமாகவே வயிற்றில்தான் எரியும் என்று தெரிந்துகொண்டது அவளால்தான்.

இரண்டாவது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். என் வீட்டுக்காரருக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் குமாஸ்தா வேலை கிடைத்து, கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளிக் குடிவந்தோம். நான் ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் வயலும் வாய்க்காலுமாக வளர்ந்தவள். அந்த ஊரின் உப்புக் காற்றும் கருவாட்டு வாசமும் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. மூன்று வயது மகளைத் தவிர பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. பகலெல்லாம் அவளோடுதான் பேச்சு. "வா, சாப்பிடு, வா, தலை பின்னணும், வா, மடியில உக்காரு" என்று நான் கூப்பிட்டுக்கொண்டே இருப்பேன்.

பக்கத்து வீட்டுக்காரி வேதக்காரி, கிறிஸ்தவள். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். புருஷன் கொழும்புக்குப் போய்வரும் தோணியில் தண்டல், அதாவது தோணியை நடத்திப் போகிறவர். சண்டைக் காலத்தில் தோணி எப்போது போகும், எப்போது திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. பிள்ளை இல்லை. உப்பளத்திலிருந்து கிழிந்த சாக்குகள் வண்டியில் வந்து அவள் வீட்டு வாசலில் இறங்கும். அவற்றைக் கோணி ஊசியும் சணலும் கொண்டு ஒட்டுப்போட்டுத் தைத்துக் கொடுப்பாள். முதுகு வளையாமல் உட்கார்ந்து, சின்னச் சின்னத் தையலாக, அவசரமே இல்லாமல் தைப்பாள். சாக்குக் குவியலின்மேல் ஒரு வெள்ளைப் பூனை படுத்திருக்கும்.

குடிவந்த புதிதில் பேச்சுக் கொடுக்கலாமென்று, "பூனைக்கு என்ன பேரு அக்கா?" என்று கேட்டேன்.

"பேரு எதுக்கு தங்கச்சி? கூப்பிட்டாத்தான பேரு வேணும்."

"பின்ன எப்படி வருது?"

"அது வருது. நானா கூப்பிடுதேன்?" என்று சணலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பிறகு நான் கேட்காமலேயே சொன்னாள்: "பதினாறு வயசுல இந்த வீட்டுக்கு வந்தேன். அவுக கடலுக்குப் பொறப்படும்போது பின்னால நின்னு, 'எப்பம் வருவிய'ன்னு கேட்டுட்டேன். எங்க மாமி ஓடிவந்து வாயைப் பொத்திட்டா. கடலுக்குப் போறவுகளப் பின்னால கூப்பிடப்பிடாதாம். அன்னையிலேருந்து எனக்குக் கூப்பிட வாயே வரமாட்டேங்கு. வாரவுக வரட்டும்."

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பாவமெல்லாம் ஒரு மாதம்கூட நிற்கவில்லை.

என் மகள் அந்த வீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். முதல் நாள் வாசற்படியில் நின்று பூனையைப் பார்த்தாள். மறுநாள் சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டுக்காரி தலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு வாரத்தில் என் பிள்ளை அந்தச் சாக்குக் குவியலில் பூனையைக் கட்டிக்கொண்டு தூங்கினாள். நான் வாசலில் நின்று பத்துத் தடவை கூப்பிட்டால் ஒரு தடவை "ம்" என்பாள். பக்கத்து வீட்டுக்காரிக்குப் "பூனையம்மா" என்று பேர் வைத்தவளும் என் மகள்தான். அந்தப் பேரில் இருந்த பூனை என்னை உறுத்தவில்லை, அம்மாதான் உறுத்தியது.

ஒரு நாள் வேலைவிட்டு வந்த என் வீட்டுக்காரர் மகளிடம், "அம்மை எங்கட்டி?" என்று கேட்டார்.

"குசினியில" என்றாள்.

நான் அடுப்பங்கரையில் இருந்தேன். எங்கள் வம்சத்தில் யாரும் அடுப்பங்கரையைக் குசினி என்று சொன்னதில்லை. அது பக்கத்து வீட்டுச் சொல். "என்னட்டி சொன்ன?" என்று கரண்டியோடு வந்தேன். இவர் சிரித்தார். "நல்லாத்தான இருக்கு, விடுளா" என்றார். அன்று ராத்திரி இருவருக்கும் ரசம் மட்டும்தான்.

இவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டில் இவர் வாயைத் திறக்க நாலு பேர் பிடித்து உலுக்க வேண்டும். ஆனால் சாயங்காலம் வரும்போது அவள் வாசலில் நின்று, எந்தத் தோணி வந்தது, எது இன்னும் வரவில்லை, கொழும்பில் என்ன சேதி என்று கதை கதையாகச் சொல்வார். அவள் புருஷன் கடலில் இருக்கிறானே, தெரிந்ததைச் சொல்வது மனுஷத்தனம்தானே என்பார். மனுஷத்தனம்தான். அந்தப் பூனை இவர் கால்களுக்கிடையில் உரசி உரசி நடக்கும்போது இவர் குனிந்து அதன் முதுகைத் தடவுவதும் மனுஷத்தனம்தான் போலிருக்கிறது.

நானும் சும்மா இருக்கவில்லை. அந்தப் பூனையையாவது பிடிக்கலாமென்று சாளை பொரித்து எங்கள் வாசலில் வைத்து, நாக்கைச் சொடுக்கிச் சொடுக்கிக் கூப்பிட்டேன். வந்தது. மீனைக் கவ்விக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய், சாக்கின்மேல் வைத்துத் தின்றது. சரி, அவளைப் போலவே கூப்பிடாமல் இருந்து பார்ப்போம் என்று ஒரு நாள் முழுக்க மகளைக் கூப்பிடாமல் அரிசி புடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருட்டும்வரை அவள் வரவில்லை. கடைசியில் இவர்தான் போய்த் தூக்கிக்கொண்டு வந்தார்.

எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டேன், எங்கள் மாடு செய்ததைத்தான் தாங்க முடியவில்லை. நாங்கள் குடிவந்ததும் மகளின் பாலுக்காக எங்கள் அப்பா ஊரிலிருந்து நடத்தியே கொண்டுவந்து கட்டிய செவலைப் பசு. ஒரு சாயங்காலம் கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டது. தெருத்தெருவாகத் தேடிவிட்டு வந்தால், அது அவள் வாசலில் சாக்கை முகர்ந்துகொண்டு நிற்கிறது.

"கூப்பிட்டீகளாக்கா?" என்று கேட்டேன், குரலில் இருந்த விஷத்தை மறைக்காமல்.

"நான் எங்க தங்கச்சி கூப்பிட்டேன்? அதுவா வந்து நிக்கி" என்றாள். மாட்டைத் தொழுவத்துக்குக் கொண்டுவந்து இரண்டு அடி வைத்தேன். பாவம், அது இருமியது. கொஞ்ச நாளாகவே இருமிக்கொண்டிருந்தது. ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த மாட்டுக்கு இந்த ஊர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். எனக்கே ஒத்துக்கொள்ளவில்லையே.

மாட்டைக் கட்டும்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. காபிக்கும் மோருக்கும் பாலைக் காய்ச்சித்தான் புழங்குவோம். ஆனால் எங்கள் ஊரில், செல்லப் பிள்ளைகளுக்குக் கறந்த சூட்டோடு நுரை தளும்பத் தம்ளரில் பிடித்துக் கொடுப்பார்கள். அப்படிக் குடித்தால்தான் எலும்பு பலக்கும் என்பார் எங்கள் அப்பா. என்னை அப்படித்தான் வளர்த்தார். மறுநாள் விடியற்காலை மகளை எழுப்பித் தொழுவத்துக்குக் கூட்டிப்போய், மடியிலிருந்து நேரே அவள் தம்ளருக்குள் பீய்ச்சினேன். மேலுதட்டில் நுரை மீசையோடு அவள் சிரித்தாள். அந்த வெதுவெதுப்பும் இனிப்பும் பிடித்துப்போய்விட்டது. அதற்குப் பிறகு நான் கூப்பிடவே வேண்டாம். கறக்கிற சத்தம் கேட்டால் தம்ளரோடு ஓடிவந்து என் முதுகில் சாய்ந்துகொள்வாள். நாளில் கால் மணி நேரம் அவள் என் பிள்ளையாக இருந்தாள். நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

மூன்று நாலு மாதம் கழித்துத்தான் பார்த்தேன். தம்ளரில் பாதியைக் குடிக்காமல் இரண்டு கையாலும் மூடிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். சாக்கின் ஓரத்தில் தம்ளரைச் சாய்த்துப் பிடிக்க, பூனை உள்ளே தலையை விட்டு நக்கியது. அது விட்ட மிச்சத்தை இவள் குடித்தாள்.

"தினமுமா?" என்று கேட்டேன்.

"தெனமுந்தான். நான் வேண்டாம்னுதான் சொல்லுதேன், கேக்க மாட்டேங்கா" என்றாள் அவள், தைத்துக்கொண்டே.

என் மாட்டின் பால், என் கை கறந்த பால், அந்த வீட்டுப் பூனைக்கு. மகளின் முதுகில் ஒன்று வைத்தேன். அவள் அழுதுகொண்டு என்னிடம் வரவில்லை. பூனையம்மாவிடம்தான் போனாள். அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு மடியை நீட்டினாள், அவ்வளவுதான்.

அந்த வருஷம் மழைக்குப் பிறகு பூனை மெலிய ஆரம்பித்தது. கழுத்தில் ஒரு வீக்கம் வந்து, உடைந்து, ஆறாமல் இருந்தது. அவள் மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டாள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அது செத்தால் மகள் அங்கே போகமாட்டாள் என்று கணக்குப் போட்டேன்.

மார்கழியில் என் மகளுக்குச் சாயங்காலமானால் காய்ச்சல் வந்தது. சோறு இறங்கவில்லை. தலைவாரும்போது பார்த்தேன், தாடைக்குக் கீழே நெறி கட்டியிருந்தது. ஒன்றல்ல, மூன்று, கோலிக்குண்டு மாதிரி.

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் தடவிப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார். நிமிர்ந்து எங்களைப் பார்க்காமலே, "டி.பி.யாத்தான் தெரியுது" என்றார். அந்தக் காலத்தில் அந்த எழுத்துகளைச் சொன்னால் பாடை கட்டச் சொன்ன மாதிரிதான்.

"வீட்ல யாருக்காவது இருமல் உண்டா?"

"இல்ல டாக்டர்." யாருக்காவது என்றுதான் அவர் கேட்டார். மாட்டைச் சொல்ல வேண்டுமென்று எனக்குத் தோன்றவே இல்லை.

"பிள்ளை வேற யாரோட எச்சியாவது சாப்பிடுதா?"

எனக்குள் ஏதோ துள்ளி எழுந்தது. அது பயம் மட்டுமில்லை. "பூனை டாக்டர்! பக்கத்து வீட்டுப் பூனை. அதுக்கும் இதே மாதிரி கழுத்துல வந்து ஒடைஞ்சிருக்கு. ரெண்டும் ஒரே தம்ளர்ல குடிக்கும்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "பூனைக்கும் இந்த நோய் வரும்மா. ஆனா பூனையிலேருந்து மனுஷனுக்கு வாரது ரொம்ப அபூர்வம். வரவே வராதுன்னு சொல்ல முடியாது, தள்ளியே வைங்க" என்றார். பிறகு, வெயிலில் உட்கார வைக்கணும், மீனெண்ணெய், முட்டை, நன்றாகக் கொதிக்கவைத்த பால் என்று வரிசையாகச் சொன்னார். இவர் எழுதிக்கொண்டார். எனக்கு அபூர்வம் என்ற சொல் காதில் விழவில்லை. பூனை என்பது மட்டும் விழுந்தது.

மகளை வீட்டில் படுக்கவைத்த கையோடு அவள் வாசலில் போய் நின்றேன். தெருவே கேட்கிற மாதிரிப் பேசினேன். "ஒங்க பூனைதான் எம் பிள்ளைக்கு டி.பி.யக் குடுத்திருக்கு. டாக்டர் சொல்லுதாரு. நீங்க வளத்த எமன்தான் அது."

அவள் கையில் ஊசி நின்றுவிட்டது. "டாக்டரா சொன்னாரு?"

"பின்ன நானா சொல்லுதேன்?"

"பிள்ள பொழைச்சிருவாளா தங்கச்சி?"

"அந்தச் சனியன் இங்கன இருக்கிறவரைக்கும் பொழைக்க மாட்டா."

இதை டாக்டர் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

மறுநாள் காலையில் என் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் பூனைக்குச் சாளையை முள் எடுத்துக் கையாலேயே ஊட்டினாள். பிறகு ஒரு சாக்கை எடுத்து உதறி, வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கூப்பிடவில்லை. பூனை சாக்கைப் பார்த்தது, அவளைப் பார்த்தது, தானாக உள்ளே போய்ச் சுருண்டுகொண்டது. அதற்குச் சாக்கு என்றால் படுக்கைதானே. அவள் ஒரு கல்லை உள்ளே வைத்து, சாக்கின் வாயை மடித்துத் தைத்தாள், எப்போதும்போலச் சின்னச் சின்னத் தையலாக. கடைசி முடிச்சு வரைக்கும் உள்ளேயிருந்து சத்தமே இல்லை. அதை இடுப்பில் பிள்ளையை வைப்பதுபோல வைத்துக்கொண்டு கடலைப் பார்த்து நடந்தாள்.

பூனை அப்படி நம்பி உள்ளே போனதைப் பார்த்தபோதுகூட எனக்குப் பொறாமைதான் வந்தது. என்னை நம்பி எதுவும் அப்படி வந்ததில்லை.

மகள் மெதுவாகத் தேறினாள். டாக்டர் இரண்டு நெறியைக் கீறிவிட்டார். வெயிலும் மீனெண்ணெயுமாக ஒரு வருஷம் போனது. டாக்டர் சொன்னபடி பாலைப் பொங்கப் பொங்கக் காய்ச்சித்தான் கொடுத்தேன். பூனை போனது, பிள்ளை பிழைத்தது என்று தெருவில் எல்லோரிடமும் சொன்னேன். நானே அதை நம்பினேன். ஜன்னலில் நின்றுகொண்டு மகள், "பூனையம்மா, பூனையம்மா" என்று கத்துவாள். அவள் தைப்பதை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். மீன்காரிகூட அந்த வாசலில் உட்காருவதை விட்டுவிட்டாள். தீட்டு வீடு மாதிரி எல்லோரும் ஒதுங்கிப் போனார்கள்.

இதற்கிடையில் மாடு எலும்பும் தோலுமாகிவிட்டது. பால் வற்றியது, இருமல் நிற்கவில்லை. இவர் மாட்டு டாக்டரைக் கூட்டிவந்தார். அவர் கழுத்தில் மயிரைச் சிரைத்து ஓர் ஊசி போட்டுவிட்டு, மூன்றாம் நாள் வந்து அந்த இடத்தைப் பார்த்தார். அங்கே புடைத்திருந்தது.

"மாட்டுக்கு டி.பி." என்றார். "ரொம்ப நாளாவே இருந்திருக்கும்."

"அந்தப் பூனை மாட்டுக்கும் கொடுத்துட்டா?" என்று நான் கேட்டேன்.

"எந்தப் பூனை?"

சொன்னேன். மகளின் கழுத்தையும் காட்டினேன். அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "அம்மா, அந்தப் பூனை இந்த மாட்டுப் பாலையா குடிச்சிது?"

"பிள்ளை கொண்டுபோய் ஊத்துவா."

"காய்ச்சின பாலா, பச்சைப் பாலா?"

இவர்தான் சொன்னார், "கறந்த சூட்டோட குடுப்பா."

"அப்ப பூனை ஒங்க பிள்ளைக்கு ஒண்ணுங் கொடுக்கல. ரெண்டுக்கும் கொடுத்தது இந்த மாடு. காய்ச்சியிருந்தா ரெண்டுக்கும் வந்திருக்காது" என்றார்.

அவர் போன பிறகு இவர் வெகுநேரம் தொழுவத்திலேயே நின்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "போய் அவகிட்டச் சொல்லிரு. அந்தப் பொம்பள தான்தான் காரணம்னு செத்துக்கிட்டு இருக்கா" என்றார்.

இரண்டு நாள் கழித்துப் போனேன். சொல்லத்தான் போனேன், சத்தியமாகச் சொல்லத்தான் போனேன். வாசலில் என்னைப் பார்த்ததும் அவள் எழுந்துவிட்டாள். ஆள் பாதியாகியிருந்தாள். நான் வாயைத் திறக்கும் முன், "பிள்ளைக்கு மறுபடி காய்ச்சலா தங்கச்சி?" என்று கேட்டாள்.

"இல்லக்கா, நல்லாயிருக்கா."

உடனே அவள் அழ ஆரம்பித்தாள். "கோயிலுக்குப் போயி முட்டிபோட்டாலும் மனசு ஆற மாட்டேங்கு. எம் பூனையால ஒரு பச்ச மண்ணு சாகக் கெடந்துட்டே. எனக்குத்தான் பிள்ள இல்ல, அடுத்தவ பிள்ளையையும் காவு வாங்கப் பாத்துட்டேனே. என்னய மன்னிச்சிரு தாயி."

எனக்கு வார்த்தை நுனிநாக்கில் இருந்தது. மாடு, பால், பச்சைப் பால். மூன்றே வார்த்தை போதும். சொன்னால் அவள் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். மறுபடி வாசலில் உட்கார்ந்து தைப்பாள். என் மகள் படியிறங்கி ஓடுவாள்.

"சரிக்கா, போனது போகட்டும். நான் மனசுல ஒண்ணும் வச்சுக்கல" என்றேன்.

அவள் என் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் கைகளை இழுத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்ததும் இவர், "சொல்லிட்டியா?" என்று கேட்டார்.

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னா?"

"அழுதா" என்றேன். உலை வைக்க உள்ளே போனேன். அரிசி களையும்போது அந்த வீட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்தேன். குடிவந்த நாளிலிருந்து முதல் தடவையாக, அவள்மேல் எனக்குப் பொறாமையே இல்லை.